முக்காலியின் உயரம்

ஜூன் 3

என் அன்பு மாணவிக்கு,

நாற்பத்தேழு வயதில் கல்லூரி விடுதியில் போய்ச் சேர்ந்த மனைவியை வேறெப்படிக் கூப்பிட?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உனக்கு அனுப்ப வாங்கிய கழுத்துப் பட்டையை நானே மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஒரு கர்ப்பிணி எழுந்து இடம் கொடுத்தாள். முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். இறங்கும்போது கழன்ற செருப்பைக் குனிந்து தேடியதை அவள் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வை இன்னும் எரிகிறது.

செல்போனைத் தொடாதே என்று டாக்டர் உன்னிடம் சொன்னதால்தான் இந்தக் கடிதம். கவனித்தாயா, நானே டைப் செய்கிறேன்! பத்திரிகைக்கு வாராவாரம் போகும் என் நகைச்சுவைக் கட்டுரையும் இப்போது இப்படித்தான்.

கழுத்து வலி, விரல் மரத்துப்போகிறது என்கிறாய். கட்டிலில் லேப்டாப்பை வைத்துக் கவிழ்ந்து கிடந்தால் வேறென்ன ஆகும்? உன் வகுப்புப் பிள்ளைகளே கேள்விக்குறி மாதிரி நடக்கிறார்களாமே. படித்தது போதும், வந்துவிடு. காலேஜ் விட்டு வந்ததும் மகள் உன்னைத்தான் தேடுகிறாள்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 14

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பஸ் கதைக்குச் சிரித்தேன். சிரித்தால் தோள்வரை இழுக்கிறது. குனியக் கூடாதாம். அலமாரி மேல் காகிதத்தை வைத்து, நின்றபடி எழுதுகிறேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை வருஷமா குனிஞ்சு வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"போன வருஷந்தான் படிக்க வந்தேன்."

"இது ஒரு வருஷத்துத் தேய்மானம் இல்லம்மா. அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

உங்கள் கட்டுரைகளை டைப் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் யோசிப்பவர் என்பதால் மேசை உங்களுக்கு. நான் தரையில், எதிரே முக்காலி மேல் லேப்டாப். வலிக்கிறது என்றேன். 'தலைகுனிந்த மனைவி' என்று அதையே கட்டுரை ஆக்கினீர்கள். அதையும் நான்தான் டைப் செய்தேன்.

அடுத்த மாதம் ஆபரேஷன். வலது கை பழையபடி ஆகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நீங்களே டைப் செய்யப் பழகியது ஒன்றுதான் ஆறுதல். யாரையும் தரையில் உட்காரவைக்காத வீடு என்றால், படிப்பு முடிந்ததும் திரும்பி வருகிறேன். இல்லையென்றால் இல்லை.

உங்கள் மாணவி

ஜூன் 23

என் அன்பிற்குரியவளே,

உன் கடிதத்துக்குப் பிறகு ஒரு ஜோக்கும் வரவில்லை. முக்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் உடைத்தேன். முதலில் உடைந்தது என் கால் நகம். மேசையைத் துடைத்து உனக்காக வைத்திருக்கிறேன். இனி என் எழுத்தை நானே சுமப்பேன். இந்தக் கடிதமே சாட்சி. ஒவ்வொரு எழுத்தும் என் விரல் தட்டியது.

ஆபரேஷனுக்கு நான் வரலாமா? வா என்று ஒரு வார்த்தை எழுது.

திருந்தியவன்

அம்மா, இது நான். அப்பா சொல்லி முடிச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கார். மேசையைத் தொடக்கூடாதாம், அது உனக்காம். அதனால தரையில உட்கார்ந்து, லேப்டாப்பை மடியிலயே வச்சு டைப் பண்றேன். எனக்கு ரெண்டு வாரமா கழுத்து இடது பக்கம் திரும்பல. முக்காலியாவது கொஞ்சம் உயரம்.