கரண்டி நிற்கிற கஞ்சி

அக்கா, இன்று காலை அடுப்பில் காய்க்கஞ்சி கொதிக்கும்போது ஒரு கொப்புளம் வெடித்து என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. ராகி மாவு சேர்ந்த கொதி லேசில் விடாது. உதறினால் போகாது, துடைத்தால் தோலோடு வரும். "சனியனே" என்று திட்டினேன். திட்டிய பிறகுதான் தெரிந்தது, திட்டியது உன்னை. நீ போய் மூன்று மாதமாகிறது, இன்னும் எனக்கு உன்னோடுதான் சண்டை.

எண்பதுகளில் ஓசூர் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நீ வேப்பனப்பள்ளித் தெலுங்குக்காரி, தனியாள். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை. ரேஷன் மண்ணெண்ணெய் பற்றாமல் உன் ஸ்டவ்விலேயே சேர்ந்து ஆக்கிக்கொண்டோம். அவரைக்கொட்டை, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி எல்லாம் வெந்து குழைந்ததும் கரைத்த ராகி மாவை ஊற்றிக் கிண்டுவாய். எனக்கு நீர்க்க இருக்க வேண்டும். உனக்குக் கரண்டி நிற்க வேண்டும். "தண்ணியா குடிக்க நாம என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்துக்கினு இருக்கறோம்?" என்பாய்.

என் புருஷன் அடிப்பது லைன் முழுக்கத் தெரியும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும், எவனோடு வந்தாய் என்று கேட்டுக்கேட்டு அடிப்பான். பெல்ட், விறகு, கையில் எது கிடைக்கிறதோ அது. கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் போயிற்று. நான் கத்தினால் அக்கம்பக்கத்தில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். நாசமாய்ப் போக அந்த ரேடியோக்கள்.

ஒருநாள் சாயங்காலம் உன் வீட்டில் கஞ்சி ஆக்கி முடித்து, நீ ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் கிண்ணம் எடுக்கத் திரும்பியிருந்தாய். அவன் உள்ளே வந்து என் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் சாய்த்து இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். எத்தனையோ அடித்திருக்கிறான், கழுத்தில் கை வைத்தது அன்றுதான். கண் இருட்டியது. சாகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

நீ கத்தவில்லை. கஞ்சியைச் சொம்பால் மொண்டு அவன் பிடரியில் ஊற்றினாய். நான் கேட்கிற மாதிரி நீர்க்க இருந்திருந்தால் வழிந்து போயிருக்கும். அது அப்படியே அப்பிக்கொண்டது. அலறிக்கொண்டு சட்டையைக் கிழித்தான். தோலும் சேர்ந்து வந்தது. நீ இரண்டாவது சொம்பு மொண்டு நின்றாய்.

"ரேய், இன்னும் இருக்குது. வேணுமா?"

நான் என்ன செய்தேன்? கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன். பழக்கதோஷம், வேறென்ன. நீ தடுக்கவில்லை. "ஊத்து. ஊத்திட்டு வந்து சாப்பிடு" என்றாய்.

அவன் தெருவில் இறங்கி ஓடிய பிறகு மீதியைச் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு விழுங்க முடியவில்லை. என் கிண்ணத்தில் மட்டும் வெந்நீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தாய். அப்போதுதான் லைன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டையில் உனக்கென்ன வேலை என்று கேட்க. நீ அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரியில் அவன், பாத்திரம் கவிழ்ந்துவிட்டது என்று சொன்னானாம். பொம்பளை ஊற்றினாள் என்று சொல்ல வாய் வரவில்லை போல. அதற்கப்புறம் அவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் உன்னிடம் கேட்டேன், சும்மா மிரட்டத்தானே ஊற்றினாய் என்று. கீரை ஆய்ந்தபடியே சொன்னாய்:

"மிரட்டவா? சாவட்டும்னுதான் ஊத்துனேன். கொஞ்சம் ஆறிப்போயிருந்துச்சு, தப்பிச்சுக்கினான்."

உன் காரியத்துக்குப் போயிருந்தேன். ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மகராசி என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். எனக்காக ஒருத்தன் சாகட்டும் என்று நினைத்தவள் நீ. பெற்றவர்கள்கூட அனுசரித்துப் போ என்றுதான் சொன்னார்கள். நான் உயிரோடிருக்க வேண்டும் என்று அத்தனை வெறியோடு ஆசைப்பட்டது நீ ஒருத்திதான், அக்கா.