தேயிலைக் கடைக்குப் போகாதவள்

அக்டோபர் 27, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் சபையின் அஸ்ஸாம் பயணத்துக்கு நானும் என் வீட்டுக்காரர் கனகதாஸும் பெயர் கொடுத்தோம். மாஜுலித் தீவும் உண்டா என்று, பயணத்தை நடத்துகிற ஷாஜியிடம் கேட்டேன். "உண்டு டீச்சரே. ஆனா யாரும் போவாத எடமாக்கும்" என்று முகம் சுளித்தான். அதற்காகத்தானே போகிறேன்! பாறசாலையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் எடுத்த காலமெல்லாம், "ஆத்துக்கு நடுவில அம்புட்டுப் பெரிய தீவா டீச்சர்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். ஆமாம் என்பேன், ஏதோ நேரில் கண்டவள் மாதிரி.

நவம்பர் 9
பெட்டி கட்டியாயிற்று. கனகதாஸ் தன் சட்டையைக்கூட எடுத்து வைக்கவில்லை. அதையும் நானே.

நவம்பர் 12, காசிரங்கா
காலையில் காண்டாமிருகம் பார்த்தோம், நல்லது. இரவுச் சாப்பாட்டில் ஷாஜி எழுந்து, நாளைக்கு மாஜுலி இல்லை, பதிலுக்குத் தேயிலைக் கடையும் பட்டுக்கடையும் என்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள்! ஏன் என்று கேட்டேன்.

"ஊர்லயே பேசி முடிச்சதாக்கும் டீச்சரே. கனகதாஸ் சாரும் சம்மதிச்சார்."

ஊரிலேயே!

அறைக்கு வந்து கேட்டால் இவர், "மணலும் தண்ணியும் பாக்க இம்புட்டு தூரமா? நம்ம ஊரு நெய்யாத்தில இல்லாத தண்ணியா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ வெஷமப்படுவேன்னுதான் பறயல்ல."

மிட்டாய் காட்டி வண்டியில் ஏற்ற நான் என்ன குழந்தையா? இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

நவம்பர் 13
பஸ்ஸில் எல்லாரும் ஏறினார்கள். நான் பையோடு ரோட்டில் நின்றேன்.

"எட்டி, ஏறு. ஆளுகள் பாக்குது."

"நீங்க போங்க. நான் மாஜுலி பாத்துட்டு கௌஹாத்திக்கு வாறேன்."

"ஒத்தைக்கா? நான் வரமாட்டேன், பாத்துக்கோ."

"நான் கூப்பிடல்லியே."

பஸ் நகர்ந்தது. இறங்கி வருவார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கு என்மேலேயே ஆத்திரம்.

ஜோர்ஹாட்டுக்கு வேறு பஸ், பிறகு ஆட்டோ, பிறகு படகு. படகில் கார், பைக், ஆடுகள், நான். நடு ஆற்றில் பின்னால் இருந்த கரை மறைந்துவிட்டது. முன்னால் கரை இன்னும் வரவில்லை. பிரம்மபுத்திரா! வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்கிறேன் போல — பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள்.

நவம்பர் 14, மாஜுலி
தங்கியிருப்பது கால்கள்மேல் நிற்கும் மூங்கில் வீடு. வீட்டுக்காரி கரைக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய ஹிந்தியும் அரைகுறை, என்னுடையதும். டீச்சர் என்று சொன்னதும் ஆற்றின் நடுவைக் காட்டினாள். அவள் படித்த பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்ததாம். வெறும் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒரு வீட்டளவு கரை பெயர்ந்து சாய்ந்தது. சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. மயிர்க்கூச்செறிந்தது. பயமா? சந்தோஷமா? இத்தனை வருஷம் நான் குச்சியால் தொட்டுக் காட்டிய புள்ளி இதுவா!

இவர் பலமுறை ஃபோன் பண்ணினார். எடுக்கவில்லை.

நவம்பர் 16
கௌஹாத்தி விமான நிலையத்தில் இவர், எனக்கென்று வாங்கிய பட்டுச் சேலையை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு
சபையில், கனகதாஸின் பெண்டாட்டி பஸ்ஸை விட்டு ஓடினாள் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். வெளியே வந்தபோது ஷாஜியின் மனைவி ஜோஸ்னா என் கையைப் பிடித்து, "டீச்சரே, அடுத்தது எங்க? நானும் வரட்டா?" என்றாள், மெதுவாக, யாரும் கேட்காதபடி.

சாயங்காலம் மகாராஷ்டிரத்து லோணாருக்குப் போக ஃபோனில் ரயில் பார்த்தேன். விண்கல் விழுந்த பள்ளத்தில் உப்பு ஏரி. இவர் வந்து நின்றார்.

"ரெண்டு டிக்கெட்டா?"

"ஆமா. எனக்கும் ஜோஸ்னாவுக்கும்."

டீ நேரமாயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அடுக்களையில் அவரே டீ போடும் சத்தம் கேட்டது.