அப்பாவுக்கு நான் மாட்டிய கோட்டு

அப்பா,

ஸ்ட்ராபெரிப் பழம் போல மணக்கும் பேனா ஒன்று இப்போது வருகிறது. எழுதினால் எழுத்தும் மணக்கும். இந்த மாதம் கடையில் அதுதான் ஓடுகிறது. நாள் முழுக்க எடுத்துக் கொடுத்துக் கொடுத்து என் விரலெல்லாம் அந்த மணம் ஏறிவிட்டது. இன்று போயா விடுமுறை, கடை பூட்டு. காலையில் ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டு போனேன்; ரொட்டியும் அதே மணம் மணத்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "என்ன, பித்தமா?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். பித்தமில்லை, குமட்டல். யாரைப் பார்த்துக் குமட்டுகிறது என்பதை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் நீங்கள் போய் பதினொரு வருடம் கழித்து இந்தக் கடுதாசி.

மகள் படிக்கும் பாடசாலையில் எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். தன் கதையையும் தன் வீட்டாரின் கதையையும் படமும் எழுத்துமாக ஒரு புத்தகமாகச் செய்து கொண்டுவர வேண்டும். பெயர் 'என் நினைவுப் புத்தகம்'. நான் வியாபாரி. செய்தி காதில் விழுந்த அன்றே மினுக்குத் தூள், ரிப்பன், பூ ஸ்டிக்கர், மணக்கும் பேனா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு 'நினைவுப் பொதி' என்று பெயர் ஒட்டித் தொங்கவிட்டுவிட்டேன். பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர்தான் வந்தார்கள். பிள்ளைக்கு டியூஷனாம், நினைக்க நேரமில்லையாம்.

"அண்ணே, ஒரு தாத்தா படம் எடுத்துத் தாங்களேன்" என்றாள் ஒருத்தி.

"யாரோட தாத்தா?"

"எங்க தாத்தாதான். படந்தான் இல்ல. கொஞ்சம் செவப்பா, நல்ல வேட்டி கட்டின ஆளா பாத்து எடுங்க."

போனில் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு தாத்தாவை நான்கு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். தேயிலைக் கொழுந்துக்கூடையோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் படம் மூன்று பிள்ளைகளுக்குப் பெரியம்மாவாகிவிட்டது. எல்ல ஊர் ரயில் பாலத்தில் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரியை ஒரு பிள்ளை 'எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி' என்று ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே விற்றேன். அடுத்தவன் புளுகு அப்படித்தான், சிரிப்பு மூட்டும்.

பிறகு அந்தப் புத்தகம் நம் வீட்டுக்கும் வந்தது. நிவேதா மேசையில் கத்தரியும் பசையும் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, தாத்தா தோட்டத்துல என்ன வேல பாத்தாரு?"

நான் கடைக்குச் சாமான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன்: "தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கம். சுகாதாரம் பாத்தாரு."

பிள்ளை என்ன செய்யும்? 'என் தாத்தா பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றினார்' என்று ரோசா நிறத்தில் எழுதி, மேலே நம் கூடத்துப் படத்தைச் சின்னதாக்கி ஒட்டிவிட்டது.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் போன பிறகு செய்தது. உங்களுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்ததுதான். அதைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்தேன். "கோட்டா, பட்டு வேட்டியா?" என்று கேட்டான். கழுத்துக்குக் கீழே உள்ள உடம்பெல்லாம் அவனிடம் தயாராக இருக்கிறது; தலையை மட்டும் கொடுத்தால் போதும். எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் சுவரில் கனவான்களாகத் தொங்குகிறார்கள். கோட்டு என்றேன். நீல டையும் கேட்டு வாங்கினேன். யாரோ ஒரு தடித்த ஆளின் தோளுக்கு மேலே உங்கள் ஒடுங்கிய முகம். ஏதோ குற்றம் செய்து பிடிபட்ட ஆள்போல முழிக்கிறீர்கள்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கான்களையும் கக்கூஸ்களையும் சுத்தம் செய்கிற ஆளுக்குத் தோட்டத்தில் வாசக்கூட்டி என்று பெயர். அதுதான் உங்கள் வேலை, அதுவேதான் உங்கள் பெயரும். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மலைக்கு ஏறுவார்கள். நீங்கள் வாளியும் ஈர்க்குமாறும் எடுத்துக்கொண்டு லயங்களை நோக்கி இறங்குவீர்கள். வேலை முடிந்த வீட்டில் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அதற்கென்று வேலிக்கம்பில் ஒரு தகரக் குவளை கவிழ்த்து வைத்திருக்கும். நீங்களே எடுத்து நீட்ட வேண்டும். அவர்கள் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நீங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். எட்டு வயதில் ஒருநாள் உங்களோடு வந்து அதைப் பார்த்தேன்.

"ஏம்ப்பா, அவங்க வீட்டுக் கப்புல தர மாட்டாங்களா?"

"நாத்தம்னு சொல்லுவாங்கடா" என்றீர்கள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தீர்கள். "நாத்தம் என்னுதா? அவங்க போடுறாங்க, நான் அள்ளுறேன். பெரிய கங்காணி வீட்டு கக்கூஸு என்ன, மல்லியப்பூவாவா மணக்குது?"

அன்று நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் பீலியில் விழும் தண்ணீரில் நின்று, சிவப்புச் சவர்க்காரத்தை மேலெல்லாம் தேய்த்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவீர்கள். அப்போதும் நான் என் பாயை உங்கள் பாயிலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொள்வேன். ஒரு நாளா, இரண்டு நாளா? நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள்.

பதினாறு வயதில் பதுளை டவுனுக்கு ஓடிவந்தேன். மூட்டை தூக்கினேன், நடைபாதையில் பேனா விற்றேன், பிறகு கடை பிடித்தேன். யார் தயவும் இல்லை. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. கடை திறந்த வருடம் நீங்கள் பசறை பஸ்ஸில் வந்து, எதிர்ப்பக்கத்து வெற்றிலைக் கடையோரம் நின்று என் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடையில் ஆள் இருந்தார்கள். நான் வெளியே வந்து சொன்னது நினைவிருக்கிறது: "பின்பக்கமா வாங்கப்பா." வந்தீர்கள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் பின்பக்கமாகவே வந்தீர்கள்.

போன வாரம் பாடசாலை மண்டபத்தில் அந்தப் புத்தகங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நிவேதாவின் புத்தகம் முதல் மேசையில் இருந்தது. கல்வி வலயத்துக் கண்காட்சிக்கு ஐந்து புத்தகங்கள் போகும், அதில் இதுவும் ஒன்று என்று மிஸ் சொன்னார். உங்கள் கோட்டுப் படம் இருந்த பக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

லெட்சுமி அக்கா வந்தாள். ஐந்தாம் நம்பர் லயத்து லெட்சுமி அக்காதான். இப்போது பதுளையில் ஒரு வீட்டில் சமைக்கிறாளாம். அவளுடைய கடைசி மகளும் அங்கேதான் படிக்கிறாள். மேசையில் குனிந்து பார்த்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அடி ஆத்தே! இது நம்ம வாசக்கூட்டி மாமால்ல? யாரு இந்த மனுசனுக்குக் கோட்டு மாட்டி உட்டது?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைக் கண்டதும் முகம் இன்னும் மலர்ந்தது. "தம்பி! நீங்களா? ஒங்க அப்பா இல்லாட்டி நான் ஏது? மூத்தவ பொறந்த அன்னிக்குப் பேய் மழ. கான் அடைச்சிக்கிட்டு வீடு பூரா தண்ணி. பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு நான் அழுவுறேன். இந்த மனுசன் இடுப்பளவு சாக்கடையில எறங்கி, கைய உட்டு..."

சுற்றிலும் ஆட்கள். என் கடைக்கு வருகிறவர்கள். நிவேதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க" என்றேன். "எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தவரு."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். ரோசா எழுத்தைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமாங்க ஐயா" என்றாள். "எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. மன்னிச்சிக்குங்க."

தம்பி என்றவள் ஐயா என்றாள். பொய் சொன்னவன் நான், மன்னிப்புக் கேட்டவள் அவள். நீங்கள் நாற்பது வருடம் அள்ளிய எதுவும் அந்த ஒரு நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்தது போல் நாறியிருக்காது. நான்கு வீட்டுக்கு ஒரே தாத்தாவை விற்று, வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே, அவர்களாவது இல்லாத தாத்தாவைத்தான் தேடி வந்தார்கள். இருந்த தாத்தாவை இல்லை என்று சொன்னவன் நான்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டுக்குள் வந்து நிவேதா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஆன்ட்டி பொய் சொல்லலதானே அப்பா?"

"இல்ல."

"அப்ப நீங்க?"

உட்கார வைத்துச் சொன்னேன். வாசக்கூட்டி என்றால் என்ன என்பதிலிருந்து சொன்னேன். வாளி, கான், தகரக் குவளை எல்லாம். "கையாலயா அள்ளினாரு?" என்றாள். மூக்கு சுருங்கியது. என் மூக்கு, அப்பா. பாயை இழுத்துப் போட்ட பையனின் மூக்கு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இதையும் நான்தானே கொடுத்திருக்கிறேன் என்று அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு புதுத் தாளோடு வந்து நின்றாள்.

"தாத்தாட கை எப்பிடி இருக்கும்?"

யோசித்தேன். வாளியின் கைப்பிடி தெரிகிறது. ஈர்க்குமாறு தெரிகிறது. கை தெரியவில்லை. கடைக்குக் கொண்டுவந்த பேரிக்காய்ப் பையை என்னிடம் நீட்டாமல் தரையில்தான் வைத்தீர்கள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி நின்று பார்த்தீர்கள். "தூக்குங்கப்பா" என்று நான் சொல்லியிருக்கலாம். வாய்க்கரிசி போட்டபோதும் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். உள்ளங்கை சொரசொரப்பா, நகம் எப்படி, விரல் நீளமா குட்டையா, ஒன்றும் தெரியாது. நாற்பது வருடம் உங்கள் மகனாக இருந்திருக்கிறேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அதையும் எழுதிவிட்டாள். 'என் தாத்தா தோட்டத்தில் வாசக்கூட்டி வேலை செய்தார். லயத்துக் கான்களையும் கக்கூஸ்களையும் கையால் சுத்தம் செய்தார். அவர் கை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது.' அவ்வளவுதான். பூவும் இல்லை, மினுக்கும் இல்லை.

மிஸ் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "நல்ல பிள்ளைதான், ஆனா வலயத்துக்கு வாற பெரியவங்க இதப் படிச்சா அருவருப்பாங்களே. பழைய பக்கத்தையே வச்சிடுவமே. இல்லாட்டி வேற புத்தகம் அனுப்ப வேண்டி வரும்" என்றார். கெட்ட மனுசி இல்லை. என் கடையில் பேரம் பேசுகிற குரலிலேயே பேசினார். நானும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன். அதை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

இன்று காலை நிவேதா இரண்டு தாள்களையும் என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மேற்கண்டவை உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்று அச்சடித்து, பெற்றோர் கையொப்பத்துக்குக் கோடு போட்டிருக்கிறது. கோட்டுப் படத்துத் தாளில் என் கையொப்பம் ஏற்கெனவே இருந்தது. எப்போது போட்டேன் என்றே ஞாபகமில்லை.

"புதுசுல போட்டா வலயத்துக்குப் போகாது" என்றேன்.

"தெரியும்."

"கிளாஸ்ல புள்ளைங்க ஏதாவது சொல்லும்."

"சொல்லுவாங்கதான்." தாளின் மூலையை நிமிண்டினாள். "ரஷ்மி எனக்குப் பக்கத்துல இருக்க மாட்டா. நீங்க எதுல போடுறீங்களோ அதத்தான் கொண்டு போவேன்."

பழைய தாளை அடியில் தள்ளிவிட்டுப் புதியதில் குனிந்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை அப்பா. பதிமூன்று வயதுப் பிள்ளை தூக்கி வைத்த பாரத்துக்கு நான் கோட்டில் ஒரு கிறுக்கல் போட்டேன், அவ்வளவுதான். லெட்சுமி அக்கா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும்; அவள் ஐயா என்றால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆனால் கையொப்பமிடும்போது பேனா முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. என் கையெழுத்து உங்கள் பெயரின் முதலெழுத்தில்தான் தொடங்குகிறது. காசோலையில், கடை உரிமத்தில், பிள்ளையின் பிறப்புப் பதிவில், எங்கெங்கோ போட்டிருக்கிறேன். உங்களிடமிருந்து நான் உதறாமல் வைத்திருந்தது அந்த ஓர் எழுத்துதான். அது உங்களுடையது என்று அப்போது உறைத்திருந்தால் அதையும் உதறியிருப்பேன்.

அந்த எழுத்தை நிதானமாக எழுதினேன். பிறகு என் பெயரை எழுதினேன்.