இரண்டைக் கழித்து, நாலால் பெருக்கி

என் மலருக்கு, உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் எழுதுவது.

கம்பெனிப் பெண்கள் சேலைக்கு மேல் போடும் கோட்டு முப்பத்தைந்தும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய். நேற்றுக் காலை இரண்டு மூட்டையாகக் கட்டி, திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் அந்தக் கம்பெனி வாசலில் நானே இறக்கினேன். வெட்டியதும் நானே. நம்பமாட்டாய், தெரியும்.

ஒரு தப்பு செய்துவிட்டேன், திட்டாதே. உன்னைத் தூக்கிய அன்றைக்கு யாரோ, “அதுக்குப் புடிச்ச சாமான கூட வச்சி அனுப்புங்க” என்றார்கள். நான் கடைக்கு ஓடி, மேசை மேலிருந்த டேப்பையும் அளவு நோட்டையும் கத்தரிக்கோலையும் அள்ளிக்கொண்டு வந்தேன். இரும்பு வேண்டாம் என்று மாமா கத்தரிக்கோலை மட்டும் வாங்கிக்கொண்டார். டேப்பையும் நோட்டையும் உன் கைக்கடியில் வைத்தேன். அப்புறம் எல்லோரும் மண் போட்டோம்.

அந்த நோட்டில்தானே, மூன்று நாள் கம்பெனி வாசலில் நின்று நீ எடுத்த முப்பத்தைந்து பெண்களின் அளவும் இருந்தது! காரியம் முடிந்த மறுநாள் காண்ட்ராக்ட்காரர் போன் செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ போன துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

“அளவு நோட்டு கீதா இல்லியாமா? இல்லன்னா துணிய மூட்டையா கட்டி வையி, வேற கடைல குடுத்துக்கறேன். வெட்டறவங்க போய்ட்டாங்க, தைக்கறவங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது? பேஜார் பண்ணாத.”

அந்தத் ‘தைக்கறவங்க’ என்ற வார்த்தைதான் என்னைச் சுட்டது. பதினெட்டு வருஷமாக நீ வெட்டினாய், நான் தைத்தேன். நீ போனதும் நான் வெறும் மிஷின் மிதிக்கிறவள் ஆகிவிட்டேனா? “நோட்டு இருக்குதுங்க. சனிக்கிழமை கோட்டு வந்துரும்” என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய்.

கையில் இருந்தது உன் முன்துண்டுகள் மட்டும்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அத்தனையையும் வெட்டி, ஆளாளுக்குப் பேர் எழுதிக் கட்டி வைத்திருந்தாய். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு கட்டு. ஒன்றில் பேர் இல்லை. அதை அப்போது ஓரமாக வைத்துவிட்டேன். முதுகு, கை, காலர் எதுவும் வெட்டவில்லை. அது ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, எல்லாக் கணக்குக்கும் மார்பளவு வேண்டும்.

அப்போதுதான் மேசைக்கு மேலே சுவரைப் பார்த்தேன். மார்க்கிங் சாக்கில் நீ எழுதியது: மார்பு ÷ 4 + 2. நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதானே எழுதினாய்? “நேத்துப் பொறந்தவ எனக்கு வாத்தியாரா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். எட்டாவதோடு நின்றவளுக்கு அவ்வளவு வீம்பு. நீ பிளஸ் டூ படித்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்?

சரி, மார்பை நாலாக வகுத்து, உடம்பில் இறுக்காமல் இருக்க இரண்டு அங்குலம் சேர்த்தால் முன்துண்டு. அப்படியானால் முன்துண்டிலிருந்து மார்புக்குத் திரும்பிப் போகலாம் இல்லையா? வகுத்ததைப் பெருக்கு, கூட்டியதைக் கழி. பெரிய வித்தையா இது என்று நினைத்தேன். காமாட்சி என்று எழுதிய கட்டை அளந்தால் பத்து அங்குலம். நாலால் பெருக்கினேன், நாற்பது. இரண்டைக் கழித்தேன், முப்பத்தெட்டு. அந்த அளவுக்கு முதுகும் கையும் வெட்டினேன். அதே மூச்சில் இன்னும் ஐந்து பேருக்கு வெட்டித் தள்ளினேன். காமாட்சியுடையதைக் கூட்டித் தைத்தால் தோளில் முன்னும் பின்னும் சேரவே இல்லை, கை கூடாரம் மாதிரி தொங்குகிறது.

அடுத்த கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் மும்தாஜ், உனக்குத் தெரியுமே, கோட்டக்குப்பத்திலிருந்து கட்டிக்கொடுத்த பெண். பர்தா ஓரம் அடிக்க வந்தவள் நான் தாளில் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்தாள். பி.எஸ்சி. கணக்கு படித்தவள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“அக்கா, தங்கச்சி கடைசியா இன்னா பண்ணிச்சி?”

“ரெண்டு சேத்துச்சி.”

“அப்ப நீங்க மொதல்ல அத்த எடுக்கணும். எடுக்காம பெருக்கினீங்க, அந்த ரெண்டும் நாலு மடங்காயி எட்டாயிடுச்சி. அதுல ரெண்டு கழிச்சாலும் ஆறு நிக்குது பாருங்க. எல்லாருக்கும் ஆறு அங்குலம் ஜாஸ்தி.”

பத்திலிருந்து இரண்டு போனால் எட்டு, நாலால் பெருக்கினால் முப்பத்திரண்டு. சரிதானா என்று உன் வழியிலேயே போய்ப் பார்த்தேன். முப்பத்திரண்டை நாலாக வகுத்தால் எட்டு, இரண்டு சேர்த்தால் பத்து. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைத்ததைப் பிரிக்கும்போது கடைசியாக வைத்த கையைத்தானே முதலில் பிரிக்கிறேன்? தோளை முதலில் பிரித்ததுண்டா? தினமும் என் கை செய்கிற வேலை, தலைக்கு மட்டும் ஏறவில்லை.

இதற்கு நேர்மாறு சார்பு என்று பேராம். ஒரு அளவை இன்னொரு அளவாக மாற்றுகிற வழி சார்பு, அதே வழியில் திரும்பி வருவது நேர்மாறு. பிளஸ் ஒன் புத்தகத்திலேயே இருக்கிறது என்றாள். நீயும் படித்திருப்பாய். “எல்லாத்துக்கும் இப்பிடித் திரும்பற வழி கீதா?” என்று கேட்டேன். “இல்லக்கா. பூஜ்யத்தால பெருக்கிட்டா அவ்ளோதான், மொதல்ல இன்னா இருந்துச்சின்னு கண்டுபுடிக்கவே முடியாது” என்றாள். அதைக் கேட்டதும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பெரிதாக வெட்டியது என் அதிர்ஷ்டம், தப்பாய் வெட்டிய ஆறு பேருடையதையும் அளவு குறைத்து வெட்டிக்கொண்டேன். மீதியை ஒவ்வொன்றாக, இரண்டைக் கழித்து நாலால் பெருக்கி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். உன் கத்தரிக்கோல் என் விரலில் கொப்புளம் போட்டது. விடவில்லை.

நேற்று வாசலில் ஒவ்வொருத்தியும் போட்டுப் பார்த்தாள். முப்பத்துநாலு பேருக்குக் கச்சிதம். ஒருத்திக்கு மட்டும் வயிற்றில் பட்டன் சேரவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். அவளோ வெட்கப்பட்டுக்கொண்டு, “நாலாம் மாசம்க்கா. அவங்க அளவெடுத்தப்ப எனக்கே தெரியாது” என்றாள். காண்ட்ராக்ட்காரர் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு வெட்டினது?” என்றார். “நான்தாங்க” என்றேன். அடுத்த துணி திங்கட்கிழமை வருகிறது.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தேன். பேர் இல்லாத அந்தக் கட்டு அப்படியே இருந்தது. அளந்தேன், பன்னிரண்டு அங்குலம். இரண்டு போனால் பத்து, நாலால் பெருக்கினால் நாற்பது. அந்த முப்பத்தைந்து பேரில் நாற்பது யாருமில்லை. மும்தாஜைக் கூப்பிட்டு என் மார்பில் டேப்பைச் சுற்றச் சொன்னேன். நாற்பது.

மிஷின் எண்ணெய் சேலையிலெல்லாம் படுகிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பேனே, அதற்காகவா மலரு? ஒருநாளும் நீ என்னை டேப் வைத்து அளந்ததில்லை. எப்போது அளந்தாய்? நான் குனிந்து தைக்கும்போது கண்ணாலேயேவா?

அதற்கு முதுகும் கையும் வெட்டிவிட்டேன். இன்று தைத்துவிடுவேன். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் கடை திறப்பேன். இனி ஒவ்வொரு அளவையும் இரண்டு நோட்டில் எழுதுவேன். உன் பேர் எழுதிய போர்டு அப்படியே இருக்கும், சுவரில் நீ எழுதியதை யாரும் அழிக்க விடமாட்டேன். அதற்குக் கீழே நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: (முன்துண்டு − 2) × 4. கையெழுத்துக் கோணல்தான், கணக்கு சரி.

வெட்டவும் தைக்கவும் தெரிந்த,
உன் அக்கா தனம்