சேவல் போன பிறகு இட்ட முட்டைகள்

பிப்ரவரி 4

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகன். மருமகள். பேத்தி. மகனோடு பள்ளிக்கூடத்தில் படித்த நெட்டையன், இவர்கள் ஊரிலிருந்து வந்தது தெரிந்து மத்தியானம் வந்தவன். எதிர்வீட்டுத் தையல்காரி, பேத்தியின் சட்டைக்கு அளவெடுக்க வந்து அரைமணி நேரம் இருந்தாள். மூன்று பெட்டைக்கோழி. ஒரு சேவல்.

இப்போது சேவல் இல்லை.

நாலு மணிக்கு அவர்கள் கார் கிளம்பியது. நாலரைக்குக் குருணை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மதிலில் உள்ள பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து மதில் வரைக்கும் சாம்பல் நிற இறகு. பெட்டைகள் மூன்றும் குளியலறைக் கூரைமேல் ஏறி நின்று கத்துகின்றன. நாய் இரண்டு வந்திருக்க வேண்டும். ஒன்றென்றால் அவன் சமாளித்திருப்பான்.

அந்தக் கதவின் கொக்கியைத் தூக்கி அழுத்த வேண்டும். டக்கென்று சத்தம் கேட்டால்தான் விழுந்ததாக அர்த்தம். இந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அது தெரியும். தெரியாதவள் மருமகள் ஒருத்திதான். குப்பைக் கூடையோடு பின்பக்கம் போனவளும் அவள்தான். என் கண்ணால் பார்த்தேன்.

உடனே மகனுக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக மனசில் வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் என் வெண்கலப் பானையைக் கீழே போட்டது உட்பட. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி அத்தை" என்றாள். அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்யாதவள் சும்மா இருப்பாளா?

பிப்ரவரி 5

காலையில் யாரும் கூவவில்லை. எழுந்தபோது மணி ஏழரை.

இவை ஐவிரலிகள். காலுக்கு ஐந்து விரல், கணுக்கால் வரை இறகு, ஈரச் சாம்பல் நிறம். சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே கொதிகலன் பார்த்த பெரியவர் கொடுத்த ஜோடி. முப்பத்தாறு வருஷம். அவரிடமே பிறகு இல்லாமல் போனது. அவர் கொடுத்த வேறு நாலு வீட்டிலும் கண்ட சேவலையும் விட்டுக் கலந்து கெடுத்தார்கள். அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். கலக்காமல் மிச்சம் இருந்தது என் வீட்டில் மட்டும்.

அழுதால் ஆகாது. ஒரு விஷயம் எனக்குத் தெரியும். சேவல் போனாலும் பெட்டையின் வயிற்றில் அவனுடையது பத்து நாள் வரை தங்கும். அந்தப் பத்து நாளில் இடுகிற முட்டை பொரிக்கும். அதற்குப் பிறகு இடுவது வெறும் முட்டை.

பத்து நாளில் எத்தனை கிடைக்குமோ அத்தனை. அதில் ஒன்றாவது சேவலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மூன்று கிழவிகளோடு நானும் ஒரு கிழவி, முடிந்தது.

பிப்ரவரி 7

மூன்று முட்டை ஆகியிருக்கிறது. பென்சிலால் தேதி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி தவிட்டில் வைத்தேன். காலையும் மாலையும் சட்டியை ஒரு பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிவிடும்.

தையல்காரி தன் வீட்டுச் சேவலைத் தருகிறேன் என்றாள். "கோழிக்கு என்னக்கா தெரியப்போகுது, ஜாதகமா பாக்கப்போகுது?" என்றாள். கோழிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். நல்லவள்தான். ஆனால் போன வருஷம் என் ரவிக்கைக் கையை இறுக்கித் தைத்துவிட்டு, நான் பெருத்துவிட்டேன் என்றாள். அது மனசில் இருக்கிறது.

பிப்ரவரி 9

மருமகள் போன் அடித்தது. ஐந்து மணிக்கு, அவள் ஆபீஸ் விட்டு வரும் நேரம். எடுக்கவில்லை.

பிப்ரவரி 10

இன்றும். எடுக்கவில்லை.

பிப்ரவரி 15

பதினோரு முட்டை. என் பெட்டைகள் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. திமிர். தையல்காரி வீட்டுச் செவலைக்கோழி ஒரு வாரமாக அடையில் கிடக்கிறது. அதைக் கூடையோடு தூக்கி வந்தோம். ஸ்டோர் அறையில், பழைய தையல் மெஷின் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு முட்டைகளை வைத்தோம். செவலை ஒவ்வொன்றாக அலகால் உருட்டிப் பார்த்து, வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, என்னை முறைத்தது.

இருபத்தொரு நாள். மார்ச் எட்டு.

பிப்ரவரி 22

மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, அட்டையில் ஓட்டை போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டு முட்டையில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு, நடுவில் துடிக்கிற புள்ளி. மூன்று கூமுட்டை. மூன்றும் கடைசி இரண்டு நாளில் இட்டவை. அதுவரைக்கும்தான் அவன் இருந்திருக்கிறான்.

பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தையல்காரி வீடு பூட்டியிருந்தது. பெட்டைகளிடம் சொன்னேன்.

பிப்ரவரி 25

ஞாயிறு. மகன் கூப்பிட்டான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வேறென்ன. இரண்டு நிமிஷம். அவளிடம் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை.

மார்ச் 8

நாலு பொரித்துவிட்டது! ஈரமாக, அசிங்கமாக, ஐந்து ஐந்து விரலோடு. ஒவ்வொன்றின் காலையும் பிடித்து எண்ணினேன். ஐந்தாவது முட்டையில் ஓட்டை விழுந்து உள்ளிருந்து சத்தம் வருகிறது.

மார்ச் 9

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டாலும் மறக்கப்போவதில்லை.

ஐந்தாவது குஞ்சு நேற்றிலிருந்து அதே ஓட்டையோடு இருந்தது. கத்திக் கத்திக் குரல் தேய்ந்தது. தானாக வர வேண்டும், கை வைக்கக் கூடாது, ஓட்டுக்கும் குஞ்சுக்கும் நடுவே இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் – ஊரில் பத்துப் பேருக்கு நான் சொன்ன புத்தி. இன்று காலை நானே நகத்தால் ஓட்டைப் பிய்த்தேன். கொஞ்சம்தான். பிறகு இன்னும் கொஞ்சம். இரத்தம் வந்தது. நிற்கவில்லை. என் உள்ளங்கையிலேயே அடங்கியது.

எதற்காகச் செய்தேன்? பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "விடு" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். யார் இருக்கிறார்கள்.

மிச்சம் மூன்று முட்டையும் பொரிக்கவில்லை. செத்தது சேவலாக இருந்திருந்தால்?

மார்ச் 23

நாலும் நன்றாக இருக்கின்றன. ஒன்றுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்து போனது. துணி நாடாவால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி ஐந்து நாள் விட்டேன், நேராகிவிட்டது. முட்டையின் மஞ்சள் கருவை அவித்து உதிர்த்துப் போடுகிறேன். பெட்டைகள் இட்ட முட்டையையே அவற்றின் குஞ்சுகளுக்கு. செவலைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை, அதுவும் சேர்ந்து கொத்துகிறது.

ஐந்து மணிக்குப் போன். பதினான்கு தடவை அடித்து நின்றது. இத்தனை நாளில் ஒரு நாளும் விடவில்லை. குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கும்தானே.

ஏப்ரல் 11

மூன்று நாளாக ஐந்து மணிக்கு அடிக்கவில்லை.

ஏப்ரல் 19

அடிக்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

ஐந்து மணிக்கு இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்பென்றால் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்று அந்த நேரத்தில் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

மே 6

ஒன்பதாவது வாரம் ஆகப்போகிறது. நாலுக்கும் கொண்டை வெளுப்பாகத்தான் இருக்கிறது. சேவல் என்றால் இந்நேரம் சிவந்து, மார்பை நிமிர்த்தி நடக்க வேண்டும். பெரியதாக வளர்ந்த ஒன்றை நம்பியிருந்தேன். அது என்னைக் கண்டால் பதுங்குகிறது. பெட்டைதான்.

தையல்காரி நாலையும் புரட்டிப் பார்த்து, "நாலும் பொண்ணுக்கா. கல்யாணச் செலவுக்கு இப்பவே சீட்டுப் போடுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, சேவலைக் கொண்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று உடனே வாயில் வராதது எனக்கே பயமாக இருந்தது.

மே 15

மழை. ஒன்றும் இல்லை.

மே 24

காலையில் வாசல் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிய மாதிரி இருந்தது. ஆண் குரல். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்தேன். மறுபடி செருமல். மறுபடி போனேன். இல்லை.

மூன்றாம் தடவை பின்பக்கமிருந்து வந்தது. நாலில் சின்னது, எல்லோரும் தின்ற பிறகு வந்து தின்னுகிற பயந்தாங்கொள்ளி, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நின்று கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூவுகிறான். கொண்டை இன்னும் வெளுப்புத்தான். ஆனால் கூவுகிறான்!

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மகனுக்கு நானாகவே போன் போட்டேன். ஞாயிறு இல்லாமல் வியாழக்கிழமை கூப்பிட்டதில் பயந்துவிட்டான். சேவல் வந்துவிட்டான்டா என்றேன். அவனுக்கும் சந்தோஷம், சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் சொன்னான்.

"அப்பாடா, இப்பவாவது சொல்லிடறேன்மா. அன்னிக்குக் கதவைச் சரியா போடாதது நான்தான். நெட்டையனோட பின்னாடி போய் ஒரு சிகரெட் பிடிச்சேன். நீ வர்ற மாதிரி இருந்துச்சா, அவசரத்துல கொக்கியைப் பாக்கல."

அவள் குப்பை கொட்டப் போனாளே என்றேன்.

"அவ போயிட்டு வந்து போட்டுட்டா. நாங்க அதுக்கப்புறம் போனோம்."

அப்புறம் ஏன்டா அவள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கார்ல ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம். நீ கத்துனதை நானும் கேட்டுட்டுதான் இருந்தேன். உனக்குத்தான் அவமேல எப்பவும் ஒரு கோவம் இருக்கே, அதோட இது ஒண்ணு கூடினா என்னன்னு விட்டுட்டேன். விடும்மா, அதான் சேவல் வந்துடுச்சே."

போனை வைத்துவிட்டேன். அவன் மறுபடி கூப்பிடவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

மே 25

ஒன்றும் ஓடவில்லை. சேவல் மட்டும் காலையிலிருந்து பழகிக்கொண்டே இருக்கிறான்.

மே 26

ஐந்து மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. இருபது வரை எண்ணினேன். எடுக்கவில்லை. எடுக்கக் கூடாதுதான்.

மே 27

ஐந்து மணி. எடுக்கவில்லை. மத்தியானம் மகன் கூப்பிட்டபோது நானும் எடுக்கவில்லை.

மே 28

எடுத்தாள். எடுத்துவிட்டுப் பேசவில்லை. சேவல் கூவுகிறான் என்றேன் கடைசியில். "கேக்குது அத்தை" என்றாள். அவன் அப்போது கூவவே இல்லை.

ஜூன் 3

அவளும் பேத்தியும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். நாலு மணி நேரப் பயணம். பேத்தி அரிசித் தவிட்டைக் கையில் ஏந்தி நின்றாள். சேவல் பயந்து பயந்து வந்து, ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடினான். மருமகள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கம் இல்லை. யாரிடமும் கேட்டதில்லை. அந்த வெண்கலப் பானை அன்றைக்கு முன்பே விரிசல் விட்டிருந்தது என்று சொன்னேன். அது உண்மை. பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியும்.

அவள் தலை நிமிராமல், "தெரியும் அத்தை. விளக்கும்போது பார்த்தேன்" என்றாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை, காரில் வைத்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. பிறகு சொன்னாள்: "நீங்க பேசப் பேச நான் அவர் முகத்தைப் பார்த்துட்டே இருந்தேன் அத்தை. இப்ப சொல்லுவார், இப்ப சொல்லுவார்னு. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டு வந்தார்."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். தெருமுனை வரை கூடப் போனேன். பஸ் ஏறும்போது அவள் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டாள். திரும்பி நடந்து வரும் தூரம் அதிகமாக இருந்தது.

கதவைத் திறந்து போட்டது பெரிய விஷயம் இல்லை. யாருக்கும் கை தவறும். எனக்கே தவறியது, உள்ளங்கையிலேயே செத்தது ஒரு குஞ்சு. வாய் திறக்காமல் காரை ஓட்டிக்கொண்டு போனதுதான். நாலு மாதம். பக்கத்தில் அவளை உட்கார வைத்துக்கொண்டு.

அவன் கூப்பிடுவான். இனிமேல் எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன், மாத்திரை போட்டேன் என்று சொல்வேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், என் மகனை.