சுண்ணாம்புக்கு அடியில் போன வெள்ளக் கோடு

சேலம்,
தை 24, 1938

சௌபாக்கியவதி வசந்தாமணிக்குச் சின்னம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடலை இந்த வருஷம் சுமார்தான், ஓமலூர்ச் சந்தையில் போட்டுவிட்டு வந்த அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை. நீயாவது எழுது.

ஆற்றுக்கு நம் பக்கத்தில் கல் சுவர் எழுப்பப் போகிறார்கள். சேர்வராயன் மலையில் மழை கொட்டினால் திருமணிமுத்தாறு சில மணி நேரத்தில் பாலத்தை முட்டுவதும், பாலம் தாண்டி வளைகிற இடத்தில் நம் தெரு பள்ளத்தில் கிடப்பதும் உனக்குத் தெரியும். இது முன்பு நெல்வயலாம். பேட்டை பெருகியபோது மண்ணைக் கொட்டி வீடு கட்டினார்கள், ஆறு மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. ஓவர்சியர் வீடு வீடாக வந்து, இருபத்துநாலாம் வருஷத்து வெள்ளம் சுவரில் எங்கே நின்றது என்று அளக்கிறார். அடையாளம் இருக்கிற வீடு வரைக்கும்தான் சுவர். நான்கு வீடு தள்ளி ஷாஜாதி வீட்டுத் தார்க்கோட்டோடு அது முடிகிறது. நம் வீட்டில் கோடு இல்லை.

கோடு எங்கே போனது என்று கேட்பாய். நான்தான் அழித்தேன். வெள்ளம் வடிந்ததும் உன் அம்மா பாவாயி அடுப்புக்கரியால் இழுத்த கோடு, தண்ணீர் நின்ற இரண்டு நாளுக்கு இரண்டு புள்ளி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் வெள்ளையடிக்கச் சொல்வார். நான் இரண்டாந்தாரமாக வந்து ஐந்து வருஷமாக, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப்போவார், உன்னைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு அவள் தண்ணீரில் நின்ற கதையைச் சொல்வார், பிறகுதான் என்னைக் காப்பி கொண்டுவரச் சொல்வார். நான் பட்டம் வாங்கிய நாளில் எடுத்த படம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இந்தப் பொங்கலுக்கு அவர் சந்தைக்குப் போயிருந்தபோது, அதையும் சேர்த்து அடி என்று ஆளிடம் சொன்னேன். ஒரு பூச்சில் கரி தெரிந்தது, இன்னொன்று அடிக்கச் சொன்னேன். படத்தை அங்கே மாட்டினேன்.

ஓவர்சியர் வந்தபோது அப்பா படத்தைக் கழற்றிவிட்டு, "நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன், மறந்து போச்சுங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிறகு கத்தியால் சுரண்டினேன், சுண்ணாம்போடு கரியும் உதிர்ந்துவிட்டது. ஷாஜாதி தெருவெல்லாம் கேட்க, "ஏனுங்க டீச்சரம்மா, ஆத்துத் தண்ணி உங்க ஊட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு நின்னுக்கிச்சாக்கும்?" என்று சிரித்தாள். அவள் வீட்டுச் சுவருக்கும் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது எனக்கு.

வெள்ளத்தன்று அப்பா ஊரில் இல்லை, பார்த்தது நீயும் உன் அம்மாவும்தான், அவளும் இப்போது இல்லை. அந்தந்த வீட்டில் இருப்பவர்களே சொல்வதைக் கணக்கில் எழுத முடியாதாம். கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டாள், அவள் கையெழுத்துப் போட்டு எழுதினால் செல்லும் என்கிறார் ஓவர்சியர். உனக்கு அப்போது ஆறு வயது. பரணில் இருந்து பார்த்தபோது தண்ணீர் எந்த மாடத்தைத் தொட்டது, அம்மாவுக்கு எதுவரை இருந்தது, நினைவில் உள்ளதை மட்டும் எழுது, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அவள் பெயரைத் தெளிவாக எழுது. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். சுவர் வந்தால் அது அவளால் வந்ததாகத்தான் இருக்கும், அப்பா அதையும் வருகிறவர்களுக்குக் காட்டுவார். ஆனாலும் அடுத்த ஐப்பசி மழைக்குச் சுவர் இல்லாத தெருவில் முழங்கால் வலியோடு அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஓவர்சியர் மாசி பத்தாம் தேதி கணக்கை முடிக்கிறார், அதற்குள் போய்ச் சேர வேண்டும். நீ எழுதுகிற காகிதத்தை அவர் விலாசத்துக்கே நேராக அனுப்பு, தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு அனுப்பாதே அம்மா. என் கைக்கு வந்தால் அதை நான் என்ன செய்வேனோ, எனக்கே தெரியவில்லை.

உன் சின்னம்மா
உண்ணாமலை