இருபத்தொன்றும் இருபத்திரண்டும்

11 ஜூலை 1983, திங்கள்

மழை விடவில்லை. சீருடையை அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்தியதால் வகுப்பு முழுக்க என்மேல் தாளிப்பு வாசனை. கணக்கில் முப்பத்தொன்பது.

சாயந்திரம் பார்சல் வந்தது. கல்கத்தா கண்காட்சியில் அப்பாவின் படத்துக்குத் தங்க மெடல். துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "பார்த்தியா, உன் மூஞ்சிக்கெல்லாம் மெடல் குடுக்கறாங்க!" என்றார். அம்மா "ம்" என்று ரொட்டி தட்டப் போய்விட்டாள்.

அது என் படம்.

எழுதிவிட்டேன். அது நான் எடுத்த படம்.

12 ஜூலை, செவ்வாய்

இந்த நோட்டை எங்கே ஒளிப்பது என்று நேற்று பூரா யோசனை. கடைசியில் போட்டோ காகிதம் வந்த பழைய பெட்டிக்குள் வைத்தேன். அதன்மேல் 'வெளிச்சத்தில் திறக்காதே' என்று அப்பாவே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் மீறாத வார்த்தை அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நானே நம்பமாட்டேன்.

அன்றைக்கு அப்பா ஆபீஸ் வேலையாக ஹூப்ளி போயிருந்தார். கேமரா பெஞ்சுமேல் இருந்தது. காலை எட்டரை மணி. மொட்டைமாடியில் அம்மா மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் இரட்டைச் சடையை மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்து, பள்ளிக்குத் தயாராக நின்றேன். திருட்டுத்தனமாகக் கேமராவை எடுத்துக்கொண்டு மேலே போனேன். "அம்மா, இங்க பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அழுத்தினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி தாட்சா, மூடியே கழட்டலையேடி!" லென்ஸ் மூடி அப்படியே இருந்தது. கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் தனியாக இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. மூடியைப் பிடுங்கிவிட்டு, அவள் சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று எடுத்தேன்.

அப்பா ஃபிலிமைக் கழுவினபோது இருபத்தொன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. "என் கேமராவைத் தொட்டியா? ஃபிலிம் என்ன உங்க தாத்தா வீட்டுச் சீதனமா?" என்று ஓர் அறை விட்டார். காது இரண்டு நாள் ஙொய் என்றது. இருபத்திரண்டாவதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

இருபத்தொன்றுக்கு எனக்கு அறை. இருபத்திரண்டுக்கு அவருக்கு மெடல்.

மறக்கமாட்டேன்.

17 ஜூலை, ஞாயிறு

செப்டம்பரில் தார்வாட் போட்டோ சங்கத்துக்கு வெள்ளி விழா. அப்பாவுக்கு மாலை போட்டுப் பாராட்டப் போகிறார்களாம். விழா மலரில் அவர் எழுதும் கட்டுரை வருகிறது: 'என் கலைப் பயணம்'. அவர் கையெழுத்து காக்காய் கிறுக்கல். அதனால் அவர் சொல்ல நான் எழுதவேண்டும்.

இரண்டு மணி நேரம் எழுதினேன். பத்து வயதில் தபால்தலை. பதினாறில் ஆர்மோனியம். இருபத்திரண்டில் ரேடியோ செய்வது. இருபத்தெட்டில் கேமரா. 'ஒரு கலையின் கரையைக் கண்டதும் என் தாகம் என்னை அடுத்த கடலுக்கு அழைத்தது' என்று சொல்லிவிட்டு, "கடலுக்கு 'ட' போட்டியா?" என்று எட்டிப் பார்த்தார்.

கடலாம்.

31 ஜூலை, ஞாயிறு

அடுப்படியில் அம்மாவைக் கேட்டேன், அப்பா ஏன் ஒவ்வொன்றாக விட்டார் என்று. அம்மா சோள மாவைப் பிசைந்தபடி சொன்னாள்.

"தபால்தலையா? அவர் தம்பியோட ஆல்பத்துக்குப் பள்ளிக்கூடத்துல முதல் பரிசு குடுத்தாங்க. அன்னிக்கே இவர் தன் ஆல்பத்தைக் கிணத்துல போட்டாராம். ரேடியோ ஆறு மாசமாப் பேசல. பக்கத்து வீட்டு ஈரண்ணா வந்தான், ஒரு கம்பியை மாத்தினான், பாட ஆரம்பிச்சிருச்சு. அதோட சரி."

"ஆர்மோனியம்?"

அம்மா ரொட்டியைக் கல்லில் போட்டாள். அப்புறம், "கல்யாணமான புதுசு. அவர் ஒரு மாசமாக் கத்துக்கிட்ட பாட்டை ஒருநாள் நான் சும்மா வாசிச்சுப் பார்த்தேன்" என்றாள்.

ஆர்மோனியம் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கேதான்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று கட்டுரையில் என் படம் வந்தது. 'மனைவியின் அந்தச் சிரிப்புக்காக மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன்.' என் பேனாவால், என் கையால் எழுதவைத்தார். நிப்பை அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது. தலையில் ஒரு குட்டு.

படுத்தால் தூக்கம் இல்லை. என்ன செய்யலாம்? கேமராவைக் கிணற்றில் போடலாம். மெடலைச் சாணிக் குழியில் போடலாம். ஆனால் அவர் என்னை அடித்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வார். அது போதாது. எல்லோர் முன்னாலும் அவர் எச்சில் விழுங்க வேண்டும். மாலை கழுத்தில் இருக்கும்போதே விழுங்க வேண்டும்.

அப்போதுதான் நினைவு வந்தது. மெடல் வாங்கிய படத்தில் கீழ்மூலையை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டிருக்கிறார். ஏன் வெட்டினார்? சூரியன் எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது. மிளகாய்மேல் என் நிழல் விழுந்திருக்கும். இரண்டு முழங்கையும் விரிந்து, காதுக்குக் கீழே இரண்டு மடித்த சடையோடு.

நெகடிவில் அது இருக்கும். நெகடிவ் இருட்டறை அலமாரியில் இருக்கிறது. இருட்டறைக்குள் அவர் இல்லாமல் நான் போவது ஒரே ஒரு வழியில்தான்.



21 ஆகஸ்ட், ஞாயிறு

செய்துவிட்டேன்.

இருட்டறை முன்பு தானியம் வைக்கிற அறை. தாழ்ப்பாள் வெளியே. எனக்கு ஆறு வயதிலிருந்து தப்பு செய்தால் அங்கேதான் போட்டு அடைப்பார். அப்போது சுவிட்ச் எனக்கு எட்டாது. பெருச்சாளி ஓடும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். தாழ்ப்பாளைத் தள்ள ஒரு விரல் போதும். ஆனாலும் அம்மா ஒருதடவைகூடத் தள்ளியதில்லை. அவள்மேலும் எனக்கு ஆத்திரம்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

இன்று அப்பா சங்கத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கேட்டேன். "அப்பா, மூணு மணி நேரம் வெயில்ல நின்னீங்கன்னு எழுதியிருக்கு. படத்துல வெயில் காலை வெயிலா இருக்கே?"

"என்னடி சொன்னே?"

"சும்மா கேட்டேன்."

அறை. பிறகு சடையைப் பிடித்து இழுத்துப்போய்த் தள்ளினார். "சாயந்திரம்வரைக்கும் கிட. வாய்க்கொழுப்பு அடங்கட்டும்." தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

சுவிட்ச் இப்போது எட்டுகிறது. அது அவருக்குத் தெரியாது. அவர் கணக்கில் எனக்கு இன்னும் ஆறு வயதுதான்.

சிவப்பு விளக்கைப் போட்டேன். மூன்று வருஷமாக அப்பா படம் கழுவும்போது மருந்துத் தட்டு ஆட்டுவது என் வேலை. எந்தப் புட்டியில் என்ன, எவ்வளவு தண்ணீர், எல்லாம் தெரியும். நெகடிவைத் தேடிப் பிடித்து, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்தேன். வெளிச்சம் விழுந்ததும் பலகையில் அம்மா தலைகீழாகச் சிரித்தாள். கீழ்மூலையில் நான் இருந்தேன்.

முதல் காகிதம் கறுத்துப்போயிற்று. இரண்டாவதை மருந்தில் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே வளையல் சத்தம். கதவோரம் அம்மாவின் குரல், மெதுவாக.

"தாட்சா... திறக்கட்டுமா?"

எட்டு வருஷத்தில் முதல் தடவை!

"ஐயோ வேண்டாம்! வேண்டாம்மா! வெளிச்சம் வந்துடும்!"

பிறகு கதவுக்கு வெளியே முறம் வைக்கிற சத்தம். அங்கேயே உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவியதெல்லாம் கேட்டிருக்கும். அப்பா வருவதற்கு முன்னால் பழைய செய்தித்தாள் இரண்டைக் கதவிடுக்கு வழியே உள்ளே தள்ளினாள். ஈரப் பிரிண்டை அதில் சுற்றி, பாவாடைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"புத்தி வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுப்பா."

22 ஆகஸ்ட்

பிரிண்டைப் பாய்க்கடியில் ஒளித்ததில் பாயில் ஈரம். அம்மா பார்த்தாள். பாயைத் திருப்பிப் போட்டாள்.

14 செப்டம்பர், புதன்

கண்காட்சிக்கு வைக்க வேண்டிய ஆறு படங்களைக் கவரில் போட்டு, பள்ளி விட்டு வரும்போது சங்கச் செயலாளர் மும்மிகட்டி மாமாவிடம் கொடுக்கச் சொன்னார் அப்பா. அட்டையில் ஒட்டுவது அவர்தான். வாசல் வேப்பமரத்தடியில் நின்று, வெட்டின படத்தை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். வெட்டினதை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். கிழிக்கும்போது எவ்வளவு நன்றாக இருந்தது!

மும்மிகட்டி மாமா கவரை என் எதிரிலேயே திறப்பார் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது என்னுடையது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உங்கப்பா புதுசா பிரிண்ட் போட்டிருக்காரா?"

"ஆமா மாமா."

படத்தின் மூலையைப் பார்த்தார். என் சடையைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"இதுதான் நல்லாருக்கு. அது என்னமோ மூளியா இருந்துச்சு. இந்தா, பேடா சாப்பிடு."

தின்னவில்லை. வழியில் ஒரு நாய்க்குப் போட்டேன்.

24 செப்டம்பர், சனி

நாளைக்கு. படங்களை மாட்டியாகிவிட்டதாம். அப்பா இன்னும் பார்க்கவில்லை. காலையில் ஹூப்ளி ஸ்டேஷன் போய், கல்கத்தா கண்காட்சியில் நடுவராக இருந்தவரை அழைத்துக்கொண்டு நேராக விழாவுக்கு வருவார். புது கோட்டைக் கண்ணாடி முன் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "எப்படி இருக்கேன் தாட்சா?" என்றார்.

நன்றாக இருந்தார். ஏன் இன்றைக்குப் போய்ச் சிரிக்கிறார்? ஓடிப்போய்ப் படத்தைக் கழற்றிவிடலாமா?

முடியாது. காது ஙொய் என்றதை நினைத்துக்கொள். நினைத்துக்கொள்.

25 செப்டம்பர், ஞாயிறு

மாலை போட்டார்கள். மும்மிகட்டி மாமா கட்டுரையிலிருந்து அந்தக் கடல் வரியை வாசித்தார். கைதட்டல். பிறகு பெங்களூரிலிருந்து வந்த நடுவர், வெள்ளைத் தாடிக்காரர், எல்லோரையும் படங்கள் முன்னால் அழைத்துப்போனார். நானும் அம்மாவும் பெண்களோடு பின்னால்.

என் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். "அடடா! நான் கல்கத்தாவில பார்த்தப்ப இந்த நிழல் இல்லையே! ருத்ரப்பா, இதைப் போயா வெட்டினீங்க? இதுதான்யா படமே!"

அப்பா அப்போதுதான் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எச்சில் விழுங்கினார். நான் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"ஆனா நிழலுக்கு ரெண்டு சடை இருக்கே?" என்றார் நடுவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். "என் பொண்ணுங்க. பக்கத்துல நின்னுட்டிருந்தா. குறுக்க வந்து நிழலை விட்டுட்டா."

"ஓகோ!" என்றார்கள். அவ்வளவுதான். முடிந்தது. ஒரே வரியில் தப்பிவிட்டார். இதற்கா அறை வாங்கினேன்?

நடுவர் திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டார். "படத்துல இருக்கறது நீங்கதானேம்மா? எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

அம்மா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். சந்தையில் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இவ மூடியைக் கழட்டாமலே ஒண்ணு ரெண்டு மூணுன்னா. அதான் சிரிப்பு வந்துருச்சு. இவங்க அப்பா அன்னிக்கு ஊர்ல இல்லீங்க. ஹூப்ளி போயிருந்தாரு."

மும்மிகட்டி மாமா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, "டீ ஆறுது, எல்லாரும் வாங்க" என்றார்.

26 செப்டம்பர், திங்கள்

அடி விழும் என்று விடியும்வரை விழித்திருந்தேன். விழவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம், "சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

"கேட்டாங்க. சொன்னேன்."

கேமராவைப் பீரோமேல் வைத்துவிட்டார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது. ஆனால் இன்னும் ஆறவில்லை. எட்டு வருஷம் இருட்டு. ஒருநாள் எச்சில் விழுங்கினால் சரியாகிவிடுமா?

16 அக்டோபர், ஞாயிறு

அப்பா பதினாறு ரோஜாத் தொட்டி வாங்கியிருக்கிறார். எலும்புத்தூள், புண்ணாக்கு, ஒரு புத்தகம். "பூவுக்கு நிகர் எதுவும் இல்லை" என்கிறார். என்னிடம் பேசுவதில்லை. தொட்டிகளைத் தொடக்கூடாது என்று அம்மா மூலமாகச் சொல்லிவிட்டார்.

தொடவில்லை. அவர் வெட்டி எறிந்த கிளை ஒன்றைக் கிணற்றுக்குப் பின்னால் நட்டு வைத்தேன்.

6 நவம்பர், ஞாயிறு

என் கிளையில் மொட்டு. அவருடைய பதினாறில் இன்னும் ஒன்றிலும் இல்லை. யாரும் பார்ப்பதற்குள் கிள்ளிப் போட்டுவிடலாம் என்று விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். இருக்கட்டும். பார்க்கட்டும்.

அப்பா புதுச் செடி வாங்கப் பெல்காம் போயிருந்தார். மத்தியானம் தச்சர் வந்தார். அம்மாதான் கூப்பிட்டிருக்கிறாள். இருட்டறைத் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைக்கச் சொன்னாள்.

"உள்பக்கமா? சாமான் ரூமுக்கு யாரும்மா உள்ளே தாழ்ப்பாள் வைப்பாங்க? உள்ளே இருக்கற மூட்டையா வந்து போட்டுக்கும்?"

"நீ திருகை இறுக்குப்பா. பேசாம."

தச்சர் போனதும் பீரோமேலிருந்து கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தாள். மாவுக்கையால் கொடுத்ததில் தோலுறையில் நாலு விரல் வெள்ளையாகப் பதிந்திருக்கிறது.

கதவின் வெளிப்பக்கத்தில் பழைய திருகு இருந்த ஓட்டை நாலு. அதன் வழியே வெளிச்சம் உள்ளே வருகிறது. கறுப்புக் காகிதத்தைச் சின்னச் சின்னதாக உருட்டி நாலையும் அடைத்தேன். பிறகு உள்ளே போய், நானே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.